லாண்டரி மெஷினில் கட்டிய சோப்புக் கசடை எடுப்பது எப்படி?

ஹோட்டல், விடுதி லாண்டரிகளில் ஓடும் பெரிய வாஷிங் மெஷினில் தண்ணீர் வடிய நேரமாகிறதா? துவைத்த பெட்ஷீட்டில் சாம்பல் நிறப் பிசுக்கு ஒட்டி வருகிறதா? உள்ளே சோப்புக் கசடு கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே கடும் காரமான காஸ்டிக் சோடாவைக் கொட்டுவது பலரின் வழக்கம். பெரிய பலன் இருக்காது.

காரணம் இதுதான். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிசுக்காகிவிடுகின்றன. குடிநீருக்கே இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை (இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவை) ஏற்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. பல ஊர்களின் போர் தண்ணீர் அதையும் தாண்டும். ஆகவே முதலில் அமிலத்தால் கால்சியத்தைப் பிரிக்க வேண்டும், அப்புறம் காரத்தால் கொழுப்பைக் கரைக்க வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் வேலை, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுவது. யாரும் போட்டுவிடாதபடி ஒரு அட்டையும் தொங்கட்டும். ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

அடுத்து, கட்டியிருப்பது என்ன என்று பாருங்கள். கொஞ்சம் சுரண்டி எடுத்து அதன்மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் வெறும் உப்புப் படிவு. பொங்காமல், விரலிடையில் தேய்த்தால் மெழுகு மாதிரி வழுக்கினால் சோப்புக் கசடு. பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

பிறகு கையால் எடுக்க முடிந்ததை எடுத்துவிடுங்கள். சோப்புப் பெட்டி, கதவு ரப்பரின் மடிப்பு, டிரெய்ன் வால்வு (தண்ணீர் வடியும் வால்வு) மூன்றும்தான் முக்கியம். நைலான் பிரஷ், பிளாஸ்டிக் தகடு போதும். இரும்புச் சுரண்டி போட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கீறல் விழும். அந்தக் கீறலில்தான் அடுத்த கசடு பிடிக்கும். டிரம்மின் அடியிலிருந்து பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய டியூபை மறந்துவிடாதீர்கள். அது அடைத்தால் தண்ணீர் மட்டம் தப்பாகக் காட்டும். டியூபின் முனையைச் சுவிட்சிலிருந்து கழற்றிய பிறகே ஊதுங்கள். மாட்டியபடி ஊதினால் சுவிட்ச் போய்விடும்.

இனி அமிலக் கழுவல். பூட்டை எடுத்து மின்சாரம் கொடுங்கள். மெஷினில் துணி இருக்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கணக்கில் போட்டு, 60 டிகிரியில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதைவிடச் சூடு வேண்டாம், சாதாரண பிவிசி டிரெய்ன் பைப் தாங்காது. பாத்ரூம் ஆசிட்டையும் தொடாதீர்கள், ஸ்டீலை அரித்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம்: ஹைப்போவோ (பிளீச் திரவம்) பிளீச்சிங் பவுடரோ அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. மெஷினுக்குத் தானாக ஹைப்போ செலுத்தும் டோசிங் பம்ப் இருந்தால் முதலில் அதை நிறுத்தி, லைனையும் டிரம்மையும் வெறும் தண்ணீரால் அலசிவிட்டே ஆசிட் போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வடித்ததும் டிரம் இன்னும் பிசுபிசுவென்று இருக்கும். பயப்பட வேண்டாம், கால்சியம் போய்க் கொழுப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. குளிர்ந்தால் அது இறுகிவிடும் என்பதால், சூடு ஆறும் முன்பே வெந்நீரால் ஒருமுறை அலசிவிட்டு, லிட்டருக்கு 10 கிராம் வாஷிங் சோடா போட்டு மறுபடி 60 டிகிரியில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கொழுப்பு மீண்டும் கரையும் சோப்பாகி வெளியேறும். இந்தச் சுற்றுக்கு மட்டுமாவது வாட்டர் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) வழியே வந்த தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ வேண்டும். போர் தண்ணீர் விட்டால் அதே கசடு மறுபடி திரளும்.

கடைசியாக இரண்டு முறை அலசி, தண்ணீர் வடியும் நேரத்தைப் பாருங்கள். இன்னும் மெதுவாகத்தான் வடிகிறது என்றால் அடைப்பு வெளிப்பைப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். பைப்பைக் கழற்றிக் கம்பி விட்டுத் தள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் முதல் சுற்றில் நல்ல பெட்ஷீட்டைப் போடாமல் பழைய துணியைப் போட்டு ஓட்டுங்கள். சாஃப்ட்னரில் உப்பு தீர்ந்திருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.