டிஸ்க் பிளேயர் வாங்கப் போகிறீர்களா? முதலில் அலமாரியைத் திறங்கள்

கல்யாண டிவிடி, குழந்தையின் காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, அப்பா சேர்த்து வைத்த பழைய படங்களின் விசிடி, நூறு பாட்டு அடங்கிய எம்பி3 சிடி. தமிழ்நாட்டு நடுத்தர வீட்டு அலமாரிகளில் இவற்றில் ஏதாவது ஒன்று இன்னும் கிடக்கிறது. போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. பழைய பிளேயர் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது. புதிய லேப்டாப்பில் டிரைவே கிடையாது. வெளியூரிலிருந்து வந்த மகள் கல்யாண வீடியோவைப் பார்க்க வேண்டும் என்றதும் கடைக்கோ ஆன்லைனுக்கோ ஓடுகிறோம். அந்த அவசரத்தில்தான் பணம் வீணாகிறது. மூவாயிரம் ரூபாய்க்குள் காரியத்தை முடிக்க நினைக்கும் வீட்டை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எல்லோரும் செய்யும் தவறு, அட்டைப் பெட்டியைப் படித்துவிட்டு வாங்குவது. படிக்க வேண்டியவை இரண்டே இரண்டு: உங்களிடம் இருக்கும் டிஸ்க்குகள், உங்கள் டிவியின் பின்பக்கம்.

டிஸ்க்குகளை எல்லாம் எடுத்துத் திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கடையில் விலைக்கு வாங்கிய படத்தின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி பளபளக்கும். வீடியோக்காரர் கொடுத்த கல்யாண டிவிடியின் அடிப்பக்கம் லேசான ஊதா. அதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், உள்வட்டத்திலிருந்து ஓரிடம் வரை ஒரு சாயலும் அதற்கு வெளியே வேறு சாயலும் தெரியும். பதிவு அந்த எல்லை வரைதான். வெள்ளி டிஸ்க் ஆலையில் அச்சு வைத்து எடுத்தது. தகவல் நிஜமான நுண்பள்ளங்களாக அதில் இருக்கிறது. ஊதா டிஸ்க்கில் இருப்பது சாயம். எழுதும்போது லேசரின் சூடு பட்டு மாறிய புள்ளிகளைத்தான் பிளேயர் பிறகு படிக்கிறது. வெள்ளி டிஸ்க்கைவிட இதில் ஒளி குறைவாகத்தான் திரும்பி வரும். வெயிலும் புழுக்கமும் பல வருடம் பட்டால் இன்னும் மங்கும்.

ஆகவே பிளேயரைச் சோதிக்கக் கடைக்கு எடுத்துப் போக வேண்டியது சினிமா டிவிடி அல்ல, கல்யாண டிவிடி. கடைக்காரர் தன் மேஜையில் இருக்கும் பளபளப்பான டிஸ்க்கைப் போட்டு, “பாருங்கள் சார், என்ன தெளிவு!” என்பார். அது எந்தப் பிளேயரிலும் ஓடும். உங்கள் ஊதா டிஸ்க்கைப் போடச் சொல்லுங்கள். திரையில் ‘லோடிங்’ என்று வந்து பத்துப் பதினைந்து விநாடிக்குள் படம் வந்தால் சரி. உள்ளே லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி டக் டக்கென்று தட்டிவிட்டு ‘நோ டிஸ்க்’ என்று காட்டினால், அந்தப் பிளேயர் உங்களுக்கானதல்ல. பக்கத்திலிருப்பதை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பிளேயர்களிலும் அதே கதி என்றால் கோளாறு டிஸ்க்கில்.

விசிடி வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்த காலத்தில் தமிழ்ப் படங்களை அள்ளிக்கொண்டு வந்த வீடுகள் ஏராளம். சாதாரண டிவிடி பிளேயர்கள் பெரும்பாலும் விசிடியை ஓட்டிவிடும். டிவிடிக்கு அடுத்த தலைமுறையான புளூ-ரே பிளேயர்கள் எல்லாம் ஓட்டும் என்று சொல்ல முடியாது. மாடலின் விவரக்குறிப்பில் விசிடி என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடினாலும், விசிடியின் படம் 352 × 288 புள்ளிகள்தான். 43 அங்குல டிவியில் அது மங்கலாகத்தான் தெரியும். அதற்காகப் பிளேயரைத் திருப்பிக் கொடுக்கக் கடையேறுவது வீண்.

இனி டிவியின் பின்பக்கம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று துளைகள் இருந்தால் ஏவி கேபிள் போதும். இப்போதைய மெல்லிய டிவிகள் பலவற்றில் அந்த மூன்றும் இல்லை. இயர்போன் செருகுவது போன்ற ஒரே துளை இருக்கும், அதற்குத் தனி இணைப்பு வயர் வேண்டும். சிலவற்றில் அதுகூட இல்லாமல், படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் வாங்கும் எச்டிஎம்ஐ துளை மட்டுமே இருக்கும். பழைய டிவியோடு தூங்கும் பாட்டி வீட்டில் நிலைமை நேர் எதிர்: ஏவி மட்டும், எச்டிஎம்ஐ கிடையாது. பிளேயர் வாங்கப் போகும் முன் டிவியின் பின்புறத்தை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால், கடையில் நின்று வீட்டுக்குப் போன் போட்டு “அம்மா, பின்னாடி மஞ்சள் ஓட்டை இருக்கிறதா பார்” என்று கேட்க வேண்டியதில்லை.

“கொஞ்சம் கூடப் போட்டுப் புளூ-ரேயாகவே வாங்கிவிடுவோமே, டிவிடியும் அதில் ஓடுமே” என்று ஒரு யோசனை எல்லார் வீட்டிலும் எழும். ஓடும்தான். ஆனால் வீட்டில் ஒரு புளூ-ரே டிஸ்க்குகூட இல்லாதபோது அந்தக் கூடுதல் பணம் எதற்கு? டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். உங்கள் கல்யாண டிவிடியைப் படிக்கும்போது புளூ-ரே பிளேயரும் சிவப்பு லேசரைத்தான் எரிக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. நகலெடுப்பதைத் தடுக்கும் விதிகளால் 2013க்குப் பிறகு தயாரான புளூ-ரே பிளேயர்களில் பழைய ஏவி வழியாகப் புளூ-ரே படம் வெளியே வராது. பெரும்பாலான மாடல்களில் அந்தத் துளைகளையே எடுத்துவிட்டார்கள். பழைய குழாய் டிவிக்கு அது ஒத்துவராது. மேலும் இந்தச் சந்தையே சுருங்கி வருகிறது. ஓப்போ 2018இல் விலகியது, சாம்சங் 2019இல் புதிய மாடல்களை நிறுத்தியது, எல்ஜி 2024 இறுதியில் கைவிட்டது. சிக்கனமாகச் செலவு செய்ய நினைப்பவர் நுழைய வேண்டிய வாசல் இது அல்ல.

அட்டைப் பெட்டியில் இருக்கும் பெரிய எழுத்துகளுக்கு வருவோம். ‘1080பி அப்ஸ்கேலிங்’ என்றால், டிவிடியில் இருக்கும் 720 × 576 புள்ளிப் படத்தைப் பெரிதாக நீட்டித் தருகிறது என்று அர்த்தம். இல்லாத விவரத்தை அதனால் கொண்டுவர முடியாது. உங்கள் டிவியும் இதே வேலையைத் தானாகவே செய்கிறது. எச்டிஎம்ஐ வயர் ஒன்றே போதும், துல்லியமாகவும் வரும் என்பது வேறு விஷயம். அந்த வசதிக்காக வாங்கலாம். ‘1080’ என்ற எண்ணுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

‘யுஎஸ்பி, எம்பி4’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் இன்னும் அதிகம். செல்போனில் எடுத்த வீடியோவைப் பென் டிரைவில் போட்டுச் செருகுவார்கள், பிளேயர் கோப்பின் பெயரைக் காட்டும், பாட்டு மட்டும் கேட்கும் அல்லது ஒன்றுமே வராது. காரணம் எளிது. மலிவான டிவிடி பிளேயரில் இருக்கும் சிப்புக்குத் தெரிந்தது பழைய எம்பெக் வகைகளும் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் போன்றவையும்தான். இன்றைய செல்போன்கள் எச்.264, எச்.265 முறையில் சுருக்கி வைக்கின்றன. கோப்பின் வால் எம்பி4 என்று இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. போதாக்குறைக்குப் பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. உங்கள் டிவியிலேயே யுஎஸ்பி துளை இருந்தால் பென் டிரைவை அதில் செருகுங்கள். பிளேயரில் யுஎஸ்பி இருக்கிறதா இல்லையா என்ற கவலையே வேண்டாம்.

ஸ்பீக்கர்களோடு சேர்த்து விற்கும் ஹோம் தியேட்டர் செட்டுகளில் பிஎம்பிஓ என்ற ஒரு எழுத்துச் சரம் உண்டு. ‘3000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்பார்கள். அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது, கம்பெனி நினைத்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். கருவியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். மின்சாரம் 40 வாட்ஸ் என்று இருக்கும். சுவரிலிருந்து 40 வாட்ஸ் இழுக்கும் பெட்டி வீட்டுக்குள் 3000 வாட்ஸ் சத்தத்தை எங்கிருந்து கொண்டுவரும்? தொடர்ந்து தரக்கூடிய ஒலித் திறனைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள். 5.1 என்று பிளேயரின் நெற்றியில் எழுதியிருப்பதும் அப்படித்தான். ஆறு தனித்தனி ஒலி வெளியேறும் துளைகள் இருந்து, அவற்றை வாங்கிக்கொள்ளும் ஆம்ப்ளிஃபையரும் உங்களிடம் இருந்தால் பயன் உண்டு. டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் கேட்கப் போகிறவருக்கு அது அலங்காரம். முன்னூறு கேம்ஸ் இலவசம் என்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; ஜாய்ஸ்டிக் ஒரு மாதம் தாங்கினால் அதிர்ஷ்டம்.

பட்ஜெட் குறைவு என்றதும் பழைய பிளேயரைத் தேடுவது நியாயம்தான். சென்னையில் ரிச்சி தெரு இருக்கிறது, மற்ற ஊர்களிலும் பழைய எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு டிஸ்க்கைப் போட்டு, படம் வந்ததும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். டிவிடி பிளேயருக்குள் சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர் ஒன்று, டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர் ஒன்று என இரண்டு உண்டு. ஒன்று செத்து மற்றது உயிரோடு இருக்கலாம். பாட்டு சிடி அருமையாக ஓடும், டிவிடி போட்டால் திணறும். அல்லது நேர்மாறாக நடக்கும். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, இரண்டரை மணி நேரப் படம் ஒன்றின் டிவிடியைப் போட்டு, ரிமோட்டில் படத்தின் நடுப்பகுதிக்கும் பிறகு கடைசிக் காட்சிகளுக்கும் தாவுங்கள். டிஸ்க்கின் உள்வட்டத்திலிருந்துதான் படிப்பு தொடங்குகிறது, வெளிவட்டத்துக்குப் போகப் போக டிஸ்க்கின் ஆட்டமும் கோணலும் அதிகம். தளர்ந்த லென்ஸ் அங்கேதான் சறுக்கும். நீளமான படங்கள் பெரும்பாலும் 8.5 ஜிபி கொண்ட இரட்டை அடுக்கு டிஸ்க்கில் வரும். அதில் பொதுவாகப் படத்தின் நடுப்பகுதிதான் வெளிவட்டத்தில் இருக்கும், இரண்டாவது அடுக்கு அங்கிருந்து உள்ளே திரும்பும். முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதற்கு மாறும் இடத்தில் அரை விநாடி நின்று போவது இயல்பு. அங்கேயே உறைந்துபோனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழுது பார்ப்பவர் சிலர், மங்கிய லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று விற்பதும் உண்டு. அது சில மாதம் நன்றாக ஓடி, பிறகு ஒரேயடியாகப் படுத்துவிடும். “லென்ஸ் யூனிட்டைப் புதிதாக மாற்றினீர்களா?” என்று கேளுங்கள். பல கம்பெனிகளின் பிளேயர்களுக்குள் இருந்தது ஒரே சில வகை லென்ஸ் யூனிட்டுகள்தான் என்பதால், அந்த வகை கிடைக்கிறதா என்று மெக்கானிக்குக்குத் தெரியும். ரிமோட் இல்லாத பழைய பிளேயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். முகப்பில் இருப்பது ஓட்டு, நிறுத்து, திற என்ற மூன்று பட்டன்கள். பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி பட முறைகளை மாற்ற, எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்ற, எல்லாவற்றுக்கும் ரிமோட்தான் வழி. யாரோ முன்னால் அமைப்பை மாற்றி வைத்திருந்தால் உங்களுக்குத் திரையில் இருட்டு மட்டுமே தெரியும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் பிளேயரைச் செருகும் முன் பின்தகட்டில் ‘100-240வி’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘120வி’ என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் ஒரு விநாடியில் கதை முடிந்துவிடும். டிஸ்க்கிலும் பிளேயரிலும் ஒத்துப்போக வேண்டிய மண்டலக் குறியும் உண்டு: டிவிடியில் அமெரிக்கா 1, வளைகுடா நாடுகள் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியா 5. எந்த மண்டலத்துக்கும் ஓடும் டிஸ்க்குகளும் உண்டு என்பதால், வெளிநாட்டில் வாங்கிய டிஸ்க்குகள் நிறைய வைத்திருப்பவர்கள் மட்டும் இதைப் பற்றி யோசித்தால் போதும்.

பிளேயருக்குப் பதிலாக வேறு வழி தேடுபவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கணினிக்கான யுஎஸ்பி டிவிடி டிரைவை வாங்கி டிவியின் யுஎஸ்பி துளையில் நேராகச் செருகுவார்கள். டிரைவில் விளக்கு எரியும், டிஸ்க் சுற்றும், டிவிக்கு ஒன்றும் புரியாது. அந்தத் துளை பென் டிரைவுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் உரியது. பையனின் பிளேஸ்டேஷனில் போட்டுக்கொள்ளலாம் என்பவர்களும் பாட்டு சிடியை மறந்துவிடுகிறார்கள்: பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் டிவிடி ஓடும், ஆடியோ சிடி ஓடாது. பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனில் டிரைவே கிடையாது; அதன் பிந்தைய மாடலுக்கு மட்டும் தனியாக வாங்கிப் பொருத்தலாம்.

அதே யுஎஸ்பி டிரைவை லேப்டாப்பில் செருகினால் நிலைமை மாறும். இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி மென்பொருளில் டிவிடியும் விசிடியும் ஓடும். லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வயர் இழுத்து டிவியில் பார்க்கலாம். வீட்டில் இருப்பது கல்யாண டிவிடியும் இன்னும் நான்கைந்து டிஸ்க்குகளும் மட்டும்தான் என்றால், என் கருத்தில் பிளேயரே தேவையில்லை. இந்த டிரைவை வாங்கி, டிஸ்க்கில் இருப்பதை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முறை நகலெடுத்து வையுங்கள். சாயம் மங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அடுத்த வருடம் எந்தப் பிளேயரும் படிக்கும் என்று உறுதி இல்லை. ஐம்பது நூறு டிஸ்க் வைத்துக்கொண்டு, மாலையில் ஒன்றை எடுத்துப் போட்டு ரிமோட்டோடு உட்காரும் பெரியவர் இருக்கும் வீட்டுக்குத்தான் பிளேயர்.

எல்லாம் சரியாகப் பார்த்து வாங்கிய பிறகும் சில சின்னஞ்சிறு டிஸ்க்குகள் அடம்பிடிக்கும். டிவிடியிலேயே பதிவு செய்யும் கையடக்க வீடியோ கேமரா ஒரு காலத்தில் வந்ததல்லவா, அதன் 8 செ.மீ. டிஸ்க்குகள் அவை. பதிவு முடிந்ததும் ‘ஃபைனலைஸ்’ என்ற வேலையைக் கேமராவிலேயே செய்திருக்க வேண்டும். செய்யாமல் எடுத்து வைத்துவிட்ட டிஸ்க் மற்ற பிளேயர்களுக்கு வெறும் டிஸ்க் மாதிரிதான் தெரியும். பிளேயரை மாற்றிப் பயனில்லை. அந்தக் கேமராவை இன்னும் யாராவது சொந்தக்காரர் பரணில் வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். சார்ஜர் சேர்த்துக் கேளுங்கள், பேட்டரி நிச்சயம் செத்திருக்கும்.