வெட்டவெளியில் நிற்கும் வேம்பயர் ஜெட்டை மீட்பது எப்படி

டி ஹாவிலாண்ட் வேம்பயர் என்ற பிரிட்டிஷ் போர் ஜெட் 1943 செப்டம்பர் 20 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் முதன்முதலாகப் பறந்தது. இந்திய விமானப்படை 1948-இல் பெற்ற முதல் ஜெட்டும் இதுதான். ஸ்விட்சர்லாந்து 1990 வரை கைவிடாமல் வைத்திருந்தது. இன்றைக்கும் பறக்கும் நிலையில் சில மிஞ்சியிருக்கின்றன. மற்றவை பீடங்களிலும் கொட்டகை ஓரங்களிலும் மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன. இதன் இறக்கையும் வாலும் உலோகம். விமானி அமரும் முன்பகுதியோ, இரண்டு பிளைவுட் தோல்களுக்கு நடுவே எடை குறைந்த பால்சா மரம் வைத்து ஒட்டிய கூடு. பெயின்ட் வாங்கும் முன் இந்த மரத்தைக் காப்பாற்ற வேண்டும்.

அதற்கும் முன்பாக உயிர்ப் பாதுகாப்பு. இரட்டை இருக்கைப் பயிற்சி விமானமான டி.11 வகையில் ஆபத்தில் விமானியை வெளியே வீசும் மார்ட்டின் பேக்கர் வெளியேற்று இருக்கைகள் இருக்கலாம். அவற்றின் வெடித்தோட்டாக்கள் எத்தனை ஆண்டானாலும் வெடிக்கக்கூடியவை. ஆயுதப் பிரிவில் பயிற்சி பெற்றவர் வந்து பார்த்து, தோட்டாக்கள் அகற்றப்பட்டதை எழுதித் தரும்வரை காக்பிட்டுக்குள் யாரும் ஏறக்கூடாது. இருட்டில் ஒளிரும் பழைய மீட்டர்களில் ரேடியம் பூச்சு இருக்கும். ஒளி மங்கிவிட்டாலும் கதிர்வீச்சு மங்குவதில்லை. அவற்றைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். கைகர் கருவியால் அளந்து தனியே வையுங்கள். சக்கரக் கால்களிலும் ஹைட்ராலிக் கலங்களிலும் அடைபட்ட அழுத்தம் இருக்கும். அதை வெளியேற்றாமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள்.

இனி மரம். ஒரு நாணயத்தால் கூடு முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கூர்மையாக ஒலிக்கும், ஒட்டு விட்ட இடமும் உளுத்த இடமும் மந்தமாக ஒலிக்கும். காக்பிட் தரைக்கு அடியிலும், கண்ணாடி மூடியின் விளிம்பிலும், உலோகப் பிடிகள் மரத்தோடு சேரும் இடங்களிலும் பொறுமையாகத் தட்டுங்கள். நீர் தங்குவது அங்கேதான். ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். கூரைக்குள் கொண்டுவந்து, நீர் வடியும் துளைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தில் மெல்ல உலரவிடுங்கள். ஹீட்டர் வைத்து அவசரப்படுத்தினால் மேல்தோல் உள்பகுதியைவிட வேகமாகச் சுருங்கி, நன்றாக இருந்த ஒட்டும் விட்டுவிடும்.

ஈரம் 12 சதவீதத்துக்கு அருகே வந்து நிலைத்த பிறகே வெட்டலாம். உளுத்த பகுதியைத் தாண்டி, உறுதியான மரம் தெரியும்வரை அகற்றுங்கள். பால்சாவை அதே நார்த்திசையில் பொருத்துங்கள். பிளைவுட்டை முட்டுக்கு முட்டு வைத்து ஒட்டவே கூடாது. 1-க்கு 12 என்ற சரிவில் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். அதாவது 3 மி.மீ. பலகைக்கு 36 மி.மீ. சரிவு. எபாக்ஸி பசை பூசியபின் கிளாம்பை அளவோடு முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் பசை முழுதும் பிதுங்கி வெளியேறும். அடியிலிருக்கும் பால்சாவும் நசுங்கும். கூட்டின்மேல் துணி ஒட்டி, டோப் என்ற அரக்குப் பூச்சு பூசுவதும் நீரைத் தடுக்கத்தான். அதை அழகுவேலை என்று தவிர்த்தவர்களின் விமானம் அடுத்த மழைக்காலத்திலேயே மறுபடி ஊறும்.

உலோகப் பகுதிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: இரும்புக் கம்பி பிரஷும் ஸ்டீல் உல்லும் அலுமினியத்தின் பக்கமே வரக்கூடாது. உடைந்த இரும்புத் துகள் உள்ளே பதிந்து, அதைச் சுற்றியே அரிப்பு தொடங்கும். அலுமினியம் ஆக்சைடு தாளால் தேய்த்து, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் எட்ச் ப்ரைமர், அதன்மேல் எபாக்ஸி ப்ரைமர், பிறகு நிறம். தகடு அடுக்கடுக்காக உப்பிப் பிரிந்திருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எஃகு போல்ட்டை மாற்றும்போது சீலன்ட் தடவிச் செருகுங்கள். இரு உலோகங்கள் ஈரத்தோடு நேரடியாகத் தொட்டால் அலுமினியம்தான் கரையும். கண்ணாடி மூடிக்கு மென்சோப்பும் தண்ணீரும் போதும். தின்னரோ அம்மோனியா கலந்த கிளீனரோ பட்டால் மயிரிழை விரிசல்கள் பரவும்.

வேம்பயரின் காப்லின் ஜெட் இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதலில் கையால் சுழற்றி உரசல் கேளுங்கள். போரோஸ்கோப் என்ற உள்நோக்குக் குழாயால் எரியறைகளையும் டர்பைன் இலைகளையும் பாருங்கள். காய்ந்துபோன ரப்பர் சீல்களை மாற்றுங்கள். ஒருமுறை தீப்பற்றாமல் நின்றுவிட்டால், எரிபொருள் பின்குழாயில் தேங்கி நிற்கும். முழுதும் வடியவிட்டு, பற்றவைக்காமல் ஒருமுறை வெறுமனே சுழற்றிய பிறகே மீண்டும் முயல வேண்டும். இல்லையென்றால் தேங்கியது மொத்தமாக எரிந்து டர்பைன் வெந்துவிடும்.

பறக்கவைப்பது வேறு கணக்கு. எத்தனை மணிநேரம் பறந்தது, எந்தப் பாகம் எப்போது மாறியது என்ற பதிவேடு தொலைந்திருந்தால் உலோகச் சோர்வை (பல ஆண்டு அழுத்தத்தால் உலோகம் பலவீனமாவதை) மதிப்பிட வழியே இல்லை. அத்தகைய விமானத்தைக் காட்சிக்கே வையுங்கள். பிரிட்டனில் 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோரம் விமானக் காட்சியில் பழைய ஹண்டர் ஜெட் விழுந்து 11 பேர் இறந்தபின், பழைய ஜெட்களின் வானசாகசங்களுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது.

காட்சிக்கு நிறுத்தும்போது டயர்மேல் பாரம் விடாமல் ஜாக்கிமேல் தாங்குங்கள். காற்றுவாயை வலையால் மூடுங்கள்; பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினால் உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் வடிதுளைகளில் கம்பி விட்டுப் பார்த்து, ஈரமானி காட்டும் அளவைத் தேதியோடு குறித்து வையுங்கள்.