பேலன்சிங் செய்த பிறகும் நிற்காத சக்கர அதிர்வு: காரணத்தைக் கண்டறியும் முறை

என் காரில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும். 100-இல் இரு கைகளிலும் நன்றாகத் தெரியும். 115-ஐத் தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நான்கு மாதங்களில் மூன்று முறை வீல் பேலன்சிங் (ரிம்மில் சிறு எடைத்துண்டுகளைப் பொருத்திச் சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்வது), ஒரு முறை வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), முன்பக்கத்துக்கு இரண்டு புதிய டயர்கள் என்று எல்லாம் செய்த பிறகும் அந்த நடுக்கம் குறையவே இல்லை. மூன்று முறையும் பேலன்சிங் இயந்திரம் பூஜ்யம் காட்டியதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். இறுதியில் காரணம் டயரிலும் இல்லை, எடைத்துண்டிலும் இல்லை. சக்கரம் ஹப்பின் (சக்கரத்தைப் பூட்டும், அதோடு சேர்ந்து சுழலும் நடுப்பாகம்) மீது உட்காரும் இடத்தில் இருந்தது. எந்த வரிசையில் சோதித்திருந்தால் அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருப்பேனோ, அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஏன் நடுங்குகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பிறகு வரும் சோதனைகள் எல்லாம் எளிதாகும். 195/65 ஆர்15 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர் என்பதால், அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 14 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஒரு பக்கத்தில் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்தச் சுழற்சியில் அது சுமார் 3 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும். அந்த இழுப்பு ஒரு கணம் மேல்நோக்கியும் மறுகணம் கீழ்நோக்கியும் மாறிக்கொண்டே இருப்பதால்தான் அதிர்வு பிறக்கிறது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். நகருக்குள் 50 கி.மீ. வேகத்தில் ஒன்றும் தெரியாததற்கு இதுவே காரணம். சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங் அமைப்புக்கும் இயல்பான ஓர் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்ற அளவு) உண்டு. சக்கரத்தின் சுழற்சி அதனோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் பெருகிக் காட்டும், அந்த வேகத்தைத் தாண்டியதும் தணிந்ததைப்போலத் தோன்றும். அப்படித் தணிவதால் குறை நீங்கிவிட்டதாக எண்ணக் கூடாது.

முதற்படி: எதையும் தொடுவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள்

பழக்கமான, சீரான ஒரு சாலையில் ஓட்டிப் பார்த்து, அதிர்வு எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே உச்சமடைகிறது, எங்கே அடங்குகிறது என்பதையும், அது ஸ்டீயரிங்கில் தெரிகிறதா அல்லது இருக்கையிலும் தரையிலும் தெரிகிறதா என்பதையும், காரை நிறுத்திய பிறகு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரங்களையும், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரங்களையும் முதலில் ஐயப்படலாம். இது முழு உறுதியான விதி அன்று, ஆனால் பெரும்பாலும் பொருந்துகிறது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் இந்தக் குறிப்பு உங்களுக்கானது அல்ல. பிரேக் டிஸ்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள், மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு வேறுபாடே காலில் உணரத்தக்க துடிப்பைத் தரும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் காரின் முன்பகுதி இடவலமாக ஆடி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால், கியர்பெட்டிப் பக்கமுள்ள உள் சிவி ஜாயிண்ட்டை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் வளையும் மூட்டை) பார்க்க வேண்டும். சீரான வேகத்தில் போகும்போதும் இருந்துகொண்டே இருக்கும் அதிர்வைப் பற்றித்தான் இனி எழுதுகிறேன்.

நேரான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது நடுக்கம் சில நொடிகள் வலுத்து, சில நொடிகள் மெலிந்து, மீண்டும் வலுக்கிறது என்றால், இரண்டு சக்கரங்களில் குறை இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டின் சுற்றளவும் மிகச் சிறிதே வேறுபடுவதால் அவற்றின் இழுப்புகள் சில நேரம் ஒன்றுசேர்கின்றன, சில நேரம் ஒன்றையொன்று தணித்துவிடுகின்றன. இதை அறியாமல் ஒரு சக்கரத்தை மட்டும் சரிசெய்தால் பாதிப் பலனே கிடைக்கும்.

இரண்டாம் படி: சக்கரமா, எஞ்சினா?

அதிர்வு வரும் வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். எஞ்சினின் சுழற்சி கூடும், சக்கரத்தின் சுழற்சி கூடாது. அதிர்வு மாறாமல் இருந்தால் குறை சக்கரப் பக்கத்தில் இருக்கிறது. ஓடும் வண்டியை நியூட்ரலில் போட்டுச் சோதிக்கச் சிலர் சொல்வதுண்டு; அந்த வேகத்தில் அது தேவையற்ற ஆபத்து, கியர் மாற்றிப் பார்ப்பதே போதும்.

இன்னும் துல்லியமாக அறிய, கைபேசியில் அதிர்வெண் காட்டும் ஒரு செயலியை நிறுவி, உடன் வருபவரிடம் கொடுத்து, தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓட்டுபவர் அதைப் பார்க்கக் கூடாது. 100 கி.மீ. வேகத்தில் 14 ஹெர்ட்ஸை (நொடிக்கு 14 அதிர்வு) ஒட்டி வரைபடத்தில் மேடு தெரிந்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை உதைக்கிறது. 28-ஐ ஒட்டித் தெரிந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கிறது. டயரோ ரிம்மோ வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருக்கும்போது இப்படி வரும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் இருந்தால் அதன் அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. இந்தப் பணிக்கென விற்கப்படும் தனிக் கருவிகளைவிடக் கையில் இருக்கும் கைபேசியையே நான் பரிந்துரைப்பேன்.

மூன்றாம் படி: கண்ணும் கையும்

காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, நான்கு டயர்களையும் சுற்றிலும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பக்கச் சுவரிலோ ஓடுபரப்பிலோ ஒரு புடைப்பு தட்டுப்பட்டால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு ஸ்டெப்னியை மாட்டுங்கள். உள்ளிழைகள் அறுந்தோ பிரிந்தோ போன டயர் வேகத்தில் வெடிக்கக்கூடும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. ரிம்மின் உட்புறத்தில் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா, ஒட்டுவகை எடைத்துண்டு விழுந்துபோய்ப் பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காரை உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கு கட்டைகளின் மேல் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட் (சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு) ஆகியவற்றின் தளர்வும், இடமும் வலமுமாக ஆட்டினால் டை ராடின் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) தளர்வும் தெரியும். தேய்ந்த ஷாக் அப்சார்பரோ புஷ்ஷோ (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் உறை) பெரும்பாலும் அதிர்வை உண்டாக்குவதில்லை, இருக்கும் அதிர்வைப் பெரிதாக்குகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதிர்வுக்கு வீல் அலைன்மென்ட் மருந்தல்ல. கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ டயர் ஓரமாகத் தேய்ந்தாலோ அலைன்மென்ட் செய்யுங்கள். நடுக்கத்துக்காக அதைச் செய்து பணத்தை வீணாக்க வேண்டாம்.

நான்காம் படி: முன்பின் மாற்றிப் பாருங்கள்

முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும், அந்தந்தப் பக்கத்திலேயே, மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அளவுள்ள டயர்கள் என்றால் இதைச் செய்ய முடியாது. அதிர்வு ஸ்டீயரிங்கிலிருந்து இருக்கைக்கு நகர்ந்தால் குறை நீங்கள் நகர்த்திய சக்கரத்தோடு போகிறது. நகரவே இல்லை என்றால் ஹப், டிஸ்க், ஆக்சில் போன்ற, காரோடு இருக்கும் உறுப்புகளில் தேட வேண்டும். எனக்கு இது இரண்டுமாக இல்லாமல், மாற்றிய பிறகு அதிர்வு குறைந்து, ஒரு வாரம் கழித்துச் சக்கரத்தை வேறு காரணத்துக்காகக் கழற்றி மாட்டியதும் மறுபடி கூடியது. கழற்றி மாட்டுவதாலேயே அதிர்வின் அளவு மாறுகிறது என்றால் சக்கரம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக உட்காருகிறது என்பதே பொருள். அதை உணர எனக்கு வெகுநாள் ஆயிற்று.

ஐந்தாம் படி: சக்கரம் உட்காரும் இடம்

பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தின் நடுத்துளையில் ஒரு கூம்பைச் செருகி அதை மையப்படுத்துகிறது. காரில் அந்தக் கூம்பு இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த ரிம்மில் நடுத்துளை, ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் வளையத்தோடு இறுக்கமாகப் பொருந்தி மையப்படும். பிற்பாடு வாங்கிப் போட்ட அலாய் வீல்களோ பல வகைக் கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரிய துளையுடன் வருகின்றன. என் ரிம்மின் துளை 73.1 மி.மீ., ஹப்பின் வளையம் 54.1 மி.மீ. இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சென்டரிங் ரிங் இருக்க வேண்டும். என் முன் இடச் சக்கரத்தில் அது இல்லை. எப்போதோ டயர் மாற்றும்போது கழன்று விழுந்திருக்கிறது.

அதனால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். டயரோடு சேர்த்து 18 கிலோ எடையுள்ள சக்கரம் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தால், அது ரிம்மின் ஓரத்தில் ஏறத்தாழ 47 கிராம் எடையைக் கூடுதலாக ஒட்டியதற்குச் சமம், 100 கி.மீ. வேகத்தில் 7 கிலோ அளவுக்கு இழுப்பு. இயந்திரம் 5 கிராம் துல்லியத்தோடு பூஜ்யம் காட்டியதும் உண்மை, காரில் 47 கிராம் பிழை இருந்ததும் உண்மை.

துருவும் இதே வேலையைச் செய்கிறது. ரிம் பதியும் பரப்பின் விட்டம் 140 மி.மீ. என்றால், அதன் ஓர் ஓரத்தில் 0.2 மி.மீ. தடிமனுள்ள துருச் செதில் இருந்தால் சக்கரம் சாய்ந்து, டயரின் விளிம்பு ஏறத்தாழ 0.9 மி.மீ. பக்கவாட்டில் ஆடும். போல்ட் அடிகளைச் சுற்றியும் நடு வளையத்தின் மூலையிலும்தான் துரு ஒளிந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் ஹப்பின் முகத்தையும் ரிம்மின் பின்புறத்தையும் உலோகம் மின்னும் வரை தேயுங்கள். நடு வளையத்தின் மேல் மட்டும் துருத்தடுப்புப் பசையை மெல்லிய படலமாகத் தடவலாம். பதியும் முகத்திலும் போல்ட் மரைகளிலும் கிரீஸோ எண்ணெயோ படக் கூடாது, மரையில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்கில் (நட்டை இறுக்கும் திருப்புவிசையில்) போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

மாட்டும் முறையும் முக்கியம். சக்கரம் தரையில் படாமல் தொங்கும் நிலையில் எல்லா நட்டுகளையும் கையால் முடிந்தவரை திருகி, பிறகு எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், பாதி முறுக்குக்கு இறுக்குங்கள். டயர் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கிய பிறகே முழு முறுக்கு. பல கார்களுக்கு அது 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். பாதி முறுக்குக்கு இறுக்காமலே காரைத் தரையில் இறக்கிவிட்டு இறுக்கினால் வண்டியின் எடை சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளிய நிலையிலேயே அது பூட்டப்பட்டுவிடும். காற்றழுத்தத் துப்பாக்கியால் முதல் நட்டை ஒரே மூச்சில் முறுக்குவதும் அப்படியே. இந்த முழு வேலைக்கும் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் டார்க் ரெஞ்சை (குறித்த முறுக்களவுக்கு நட்டை இறுக்க உதவும் கருவி) வாங்குங்கள்.

நட்டின் வடிவத்தையும் பாருங்கள். சில ரிம்களுக்குக் கூம்பு முனை, சிலவற்றுக்கு உருண்டை முனை வேண்டும். மாற்றிப் போட்டால் இறுகியதாகத் தோன்றும், ஆனால் சரியாகப் பதியாது, ஓட்டத்தில் தளரவும் கூடும்.

ஆறாம் படி: இதன் பிறகே பேலன்சிங்

பழைய எடைத்துண்டுகளை எல்லாம் நீக்கிவிட்டு, ரிம்மின் உள்விளிம்பு வெளிவிளிம்பு இரண்டிலும் சமன்செய்யும் முறையில் செய்யச் சொல்லுங்கள். பூஜ்யம் வந்ததும் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: சக்கரத்தை இயந்திரத்திலிருந்து தளர்த்தி, தண்டு திரும்பாமல் சக்கரத்தை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி பூட்டிச் சுழற்றச் சொல்லுங்கள். இப்போதும் பூஜ்யமோ 5 கிராமோ காட்டினால் நம்பலாம். 15, 20 கிராம் என்று தாவினால் இயந்திரத்திலேயே சக்கரம் மையத்தில் உட்காரவில்லை. நல்ல தொழிலாளர்கள் இதைச் செய்யத் தயங்குவதில்லை.

இத்தனைக்கும் பிறகு அதிர்வு மிஞ்சினால் வட்டத்தை அளக்க வேண்டும். காந்த அடிப்பாகம் உள்ள டயல் கேஜ் (மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தையும் முள்ளால் காட்டும் அளவி) சிறந்தது. இல்லாவிட்டால் ஒரு கம்பியை டயருக்கு நூலிழை தூரத்தில் அசையாமல் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினாலே மேடுபள்ளம் தெரியும். டயரில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் தெரிந்தால், டயரின் மேடு ரிம்மின் பள்ளத்தோடு சேரும்படி டயரை ரிம்மின் மேல் திருப்பி மாட்டுவது பல நேரங்களில் பலன் தரும். டயரை உருளையால் அழுத்திச் சுழற்றி, அதன் விறைப்பு சுற்றிலும் சீராக உள்ளதா என்று காட்டும் இயந்திரங்களும் உண்டு; சாதாரண பேலன்சிங் கண்டுபிடிக்காத குறையை அவை காட்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், பஞ்சருக்காக டயருக்குள் ஊற்றிய அடைப்புத் திரவம் பற்றி எழுதியிருந்தார். நின்ற காரில் அந்தத் திரவம் கீழே தேங்கும், ஓடத் தொடங்கியதும் இடம் மாறும். எனவே பேலன்சிங் எண் ஒவ்வொரு சுழற்சியிலும் வேறாக வரும். டயரைக் கழற்றித் துடைத்தால் அன்றி அதற்குத் தீர்வில்லை. இன்னொருவரின் காரில் நடுக்கம் காலையில் மட்டும் வந்து 15, 20 கி.மீ. ஓடியதும் மறைந்தது, பல நாள் ஒரே இடத்தில் நின்றதால் டயரின் அடிப்பகுதி தற்காலிகமாகத் தட்டையாகியிருந்தது. டயர் சூடேறினால் அது சரியாகிவிடும், அதற்காக எதையும் மாற்ற வேண்டாம்.

மூன்றாமவர் ஐந்தாம் படியை அப்படியே செய்தும் இரண்டு நாளில் அதிர்வு திரும்பியதாக எழுதினார். விசாரித்தபோது, துரு நீக்கி மாட்டிய பிறகு நட்டுகளை அவர் மறுபடி சோதிக்கவில்லை என்று தெரிந்தது. புதிதாகத் தேய்த்த பரப்புகள் சிறிது ஓட்டத்துக்குப் பிறகே ஒன்றோடொன்று முழுமையாகப் படியும். அதனால் மாட்டியபின் 50 முதல் 100 கி.மீ.க்குள், சக்கரம் ஆறியிருக்கும்போது, டார்க் ரெஞ்சால் ஒரு முறை எல்லா நட்டுகளையும் அதே முறுக்குக்குச் சரிபாருங்கள்.