பிடித்த ஆல்பங்களையும் ரீமிக்ஸ்களையும் வைத்து முதல் டிஜே மிக்ஸ்: ஒரு லெப்டொப், ஒரு ஹெட்போன் போதும்

நம் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் டிஜே என்றாலே கல்யாண வீடுதான், இல்லாவிட்டால் பேர்த்டே பார்ட்டி. அங்கே கேட்டதைப் போட வேண்டும். ராத்திரி பத்து மணியாகியும் பைலா வரவில்லையென்றால் மாப்பிள்ளையின் மாமாவே எழும்பி மேடைக்கு வந்துவிடுவார். அது ஒரு தொழில், நானும் செய்கிறேன், குறை சொல்லவில்லை. இந்தப் பதிவு வேறு வேலைக்கு. உங்களுக்குப் பிடித்த, ஊரில் யாரும் கேட்டிராத ஆல்பங்களை 40 நிமிஷ மிக்ஸாகக் கோர்த்து கூட்டாளிமாருக்கு அனுப்புவது எப்படி என்று பார்ப்போம்.

"இந்த ஆல்பத்தைக் கேளு மச்சான்" என்று லிங்க் அனுப்பினால் ஒருத்தனும் திறக்கமாட்டான். அதே ஆல்பத்தின் ஒரு பாட்டை, அவனுக்குப் பழகிய தாளத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். "அந்த நடுவில வந்தது என்ன பாட்டு?" என்று அவனே கேட்பான். அதற்குத்தான் மிக்ஸ். கன்ட்ரோலர், டேர்ன்டேபிள் எதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

படி 1: ஆல்பத்தைத் தெரிவு செய்யுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சொஃப்ட்வெயரில்தான் தொடங்குகிறார்கள். வேண்டாம். இரண்டு பாட்டை ஒட்டுவதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். எதை எதோடு ஒட்டுவது என்பதற்குத்தான் காது வேண்டும். மூன்று ஆல்பம் எடுங்கள், முழுசாகக் கேளுங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பாட்டைக் குறித்து வையுங்கள். அந்த ஆல்பங்களுக்கு ரீமிக்ஸ் வந்திருந்தால் இன்னும் நல்லது. மூலத்தையும் ரீமிக்ஸையும் அடுத்தடுத்துக் கேட்பதைவிட நல்ல பாடம் இல்லை.

என்னிடம் கேட்டால் முதலில் கையில் தருவது மாஸிவ் அட்டாக்கின் 'புரொடெக்ஷன்', 1994. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் குழு. அடுத்த வருஷமே மேட் புரொபெசர் என்ற லண்டன் டப் கலைஞர் அதைப் பிரித்து மேய்ந்து 'நோ புரொடெக்ஷன்' என்று வெளியிட்டார். டப் என்பது ஜமெய்க்காவில் பிறந்த முறை. கிங் டபி போன்றவர்கள் 1970களில் ஒரு பாட்டின் குரலைக் கழற்றிவிட்டு, டிரம்மையும் பேஸையும் முன்னுக்குக் கொண்டுவந்து, மிச்சத்தை எக்கோவில் மிதக்க விட்டார்கள். புதியவருக்கு டப் ரீமிக்ஸ் பெரிய உதவி. இரண்டு பாட்டின் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதுதான் ஒரு மிக்ஸைக் கெடுக்கும் முதல் விஷயம். டப்பில் குரல் அங்கங்கே ஒரு சொல்லாக மட்டும் வந்து போவதால் எந்தப் பாட்டுக்கும் அதைப் பாலமாகப் போடலாம்.

இரண்டாவது சோடி அமெரிக்கக் கவிஞரும் பாடகருமான கில் ஸ்காட்-ஹெரனின் 2010 ஆல்பம் 'ஐ'ம் நியூ ஹியர்', அதை அடுத்த வருஷம் லண்டன் இசையமைப்பாளர் ஜேமி எக்ஸ்எக்ஸ் முழுசாகத் திருப்பிச் செய்த 'வி'ஆர் நியூ ஹியர்'. வயசான மனிதரின் கரகரத்த குரல், அதன் கீழே லண்டன் கிளப் பேஸ். இதில் ஒரு ரீமிக்ஸை வைத்துத்தான் கனடா ராப்பர் டிரேக் தன் 'டேக் கேர்' பாட்டைக் கட்டினார். கூட்டாளிமாருக்கு டிரேக்கைத் தெரியும், மற்ற இருவரையும் தெரியாது. உங்களுக்கு வேண்டிய கொக்கி அதுதான்.

மூன்றாவது இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட லண்டன் பாடகி எம்.ஐ.ஏ.யின் 'காலா', 2007. அம்மாவின் பெயரை வைத்த ஆல்பம். உறுமிச் சத்தம் வரும் இடத்தில் நம் ஆட்கள் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த 'பேப்பர் பிளேன்ஸ்' கிளாஷ் குழுவின் 1982 பாட்டொன்றின் சாம்பிள் (வெட்டி எடுத்த துண்டு) மேல் நிற்கிறது. அதற்கு அமெரிக்க டிஜே டிப்ளோ செய்ததும் நியூயோர்க்கின் டிஎஃப்ஏ குழு செய்ததும் என்று அதிகாரபூர்வ ரீமிக்ஸ்களே பல உண்டு. எது நல்லது என்று சண்டை பிடிக்கலாம். நான் டிஎஃப்ஏ பக்கம்.

படி 2: ஃபைல் எடுப்பது

ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோட் செய்து வைத்த பாட்டு அந்த ஆப்புக்குள் மட்டும்தான் ஓடும், மிக்ஸ் செய்ய உதவாது. சொந்தமாக ஃபைல் வேண்டும். பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கினால் எம்பி3, தரம் குறையாத ஃபிளாக் எதுவென்றாலும் நீங்களே தெரிவு செய்யலாம். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை எடுக்காமல் கலைஞருக்கே விட்டுவிடும், முடிந்தால் அந்த நாளில் வாங்குங்கள். டெபிட் கார்ட்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் பேங்கில் கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட ஆல்பங்கள் அங்கே கிடைக்காமல் போகலாம். அவற்றைப் பாட்டு விற்கும் வேறு தளத்தில் தேடுங்கள், அல்லது பழைய சீடியிலிருந்து எடுங்கள்.

டேட்டாவுக்குப் பயந்து குறைந்த தரத்தில் இறக்காதீர்கள். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிஷத்துக்கு 2.4 எம்பிதான், பத்துப் பாட்டு சேர்ந்தாலும் 120 எம்பியைச் சுற்றித்தான் வரும். வீடியோவிலிருந்து உருவிய ஃபைல் போனில் நன்றாகத்தான் கேட்கும். பெரிய ஸ்பீக்கர் பொக்ஸில் போட்டால் ஹை-ஹெட் (டிரம் செட்டின் சோடித் தட்டு) சத்தம் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி வரும்.

படி 3: சொஃப்ட்வெயர்

சொஃப்ட்வெயருக்கு மிக்ஸ் (Mixxx) என்றே பெயர், ஆங்கிலத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டுத் தேடுங்கள். இலவசம், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பாட்டுகளை ஒரு ஃபோல்டரில் போட்டு லைப்ரரியில் சேர்த்து, எல்லாவற்றையும் தெரிவு செய்து அனலைஸ் கொடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பி.பி.எம். என்ற வேகமும் (நிமிஷத்துக்கு எத்தனை தட்டு) சுருதியும் பக்கத்தில் வந்து விழும்.

அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 85 வேகப் பாட்டை 170 என்று காட்டும், 140ஐ 70 என்றும் காட்டும். காலால் தட்டிப் பாருங்கள். தட்டு இரட்டிப்பாகத் தெரிந்தால் பாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து பி.பி.எம்.மைப் பாதியாக்கலாம்.

சுருதிக்கு, ப்ரெஃபரன்சஸில் லான்சலோட் குறியீட்டைப் போட்டுவிட்டால் 8ஏ, 9ஏ, 8பி என்று கடிகார எண்களாக வரும். அதே எண், பக்கத்து எண், அல்லது அதே எண்ணின் மற்ற எழுத்து என்று மூன்று வழியில் போனால் பெரும்பாலும் சுருதி மோதாது. இன்னொன்று, வேகம் மாறினாலும் சுருதியை அப்படியே பிடித்து வைக்கிற கீலொக் பட்டனைப் போடாமல் வேகத்தை ஏறக்குறைய 6 வீதம் மாற்றினால் சுருதி அரை ஸ்வரம் நகர்ந்துவிடும். அதனால் கீலொக் போட்டே வையுங்கள்.

படி 4: இரண்டு பாட்டை ஒட்டுவது

இதை மெதுவாக வாசியுங்கள். பாட்டுகள் 4 தட்டுக்கு ஒரு பாராக, 8 பாருக்கு ஒரு பத்தியாக நகரும். அதாவது 32 தட்டு. 120 வேகத்தில் ஒரு தட்டு அரை செக்கன், 32 தட்டு 16 செக்கன். எந்தக் கிளப் பாட்டையும் எடுத்து வாய்விட்டு 32 வரை எண்ணிப் பாருங்கள். அடுத்த 1 விழும் இடத்தில் ஏதாவது ஒன்று மாறும், புது டிரம் நுழையும் அல்லது குரல் தொடங்கும். நீங்கள் இரண்டாவது பாட்டைத் தொடங்க வேண்டியது அந்த 1இல்தான்.

திரையில் பாட்டு ஓடும் இடம் இரண்டு இருக்கும், அதுதான் டெக். இடது டெக்கில் முதல் பாட்டு ஓடுகிறது, குரல் முடிந்து கடைசிப் பகுதி வரப்போகிறது. வலது டெக்கில் அடுத்த பாட்டு முதல் தட்டில் நிற்கிறது, அதன் லோ குமிழ் (பேஸைக் கூட்டிக் குறைப்பது) முழுசாகக் குறைத்திருக்கிறது. இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனை அமுக்கியிருக்கிறீர்கள். (சிங்க் பாவித்தால் டிஜே இல்லை என்று சொல்கிறவர்களிடம் கதைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.) 1 வரும்போது பிளே. இப்போது இரண்டும் ஓடுகின்றன, பேஸ் மட்டும் பழைய பாட்டினுடையது. 16 செக்கன் விடுங்கள். அடுத்த 1இல் இடது லோவைக் கீழேயும் வலது லோவை நடுவுக்கும் ஒரே அசைவில் மாற்றுங்கள். தரை மாறிவிட்டது என்று கேட்கிறவருக்கு நெஞ்சில் தெரியும். பிறகு பழைய பாட்டை ஆறுதலாக இறக்குங்கள். இரண்டு பேஸ் ஒன்றாக ஓட விடவே கூடாது.

அடுத்த பாட்டை முன்கூட்டிக் கேட்க இரண்டாவது சவுண்ட் கார்ட் இல்லையா? ஹெட்போனை ஸ்பிளிட்டில் போடுங்கள். ஒரு காதில் ஓடும் பாட்டு, மற்றக் காதில் வரப்போகும் பாட்டு.

படி 5: தப்பு மேளச் சத்தம் சேர்க்க ஆசையென்றால்

மலையகத்துக் காமன் கூத்து நேரம் தேயிலைத் தோட்டத்தில் தப்பு அடிப்பதைப் பதிவு செய்து மிக்ஸுக்குள் வைப்பது எனக்குப் பிடித்த வேலை. போனைப் பக்கத்தில் பிடித்தால் சத்தம் கிழியும், பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். ஈரலிப்பில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் அடிக்கிறவர்கள் நெருப்பில் காய்ச்சி இறுக்குவார்கள். காய்ச்சி முடித்த கையோடு எடுக்கிற பதிவில்தான் அந்தச் சுள்ளென்ற அடி இருக்கும். முன்கூட்டியே கேட்டு எடுங்கள், இழவு வீட்டில் எடுக்காதீர்கள்.

ஒட்டும்போது ஒரு சிக்கல் வரும். பைலா ஆறெட்டுத் தாளம், தப்பின் பல அடிகளும் அதேபோல மூன்று மூன்றாகப் பிரியும். கிளப் பாட்டு நாலு நாலாகப் பிரியும். சொஃப்ட்வெயர் இங்கே குழம்பும், பெரிய தட்டைக் கையால் டெப் (tap) பட்டனில் தட்டிக் கொடுக்க வேண்டும். பெரிய தட்டும் பெரிய தட்டும் பொருந்தினால் போதும், ஆனால் கிளப் பாட்டில் வெறும் கிக் (பெரிய டிரம்மின் அடி) மட்டும் இருக்கிற பகுதியில் வையுங்கள். ஹை-ஹெட் ஓடும் இடத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும்.

படி 6: ரெகோர்ட், அனுப்புதல்

கன்ட்ரோல் ஆர் அமுக்கினால் பதிவு தொடங்கும். மீட்டர் பச்சையிலேயே நிற்கட்டும், சிவப்பைத் தொட்டால் கெயினைக் (சத்த அளவு) குறையுங்கள். மழை நாளில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பேட்டரியை நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள். வேவ் ஃபைல் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி, 40 நிமிஷம் 400 எம்பி வரும். அனுப்புவதற்கு அதையே 320 எம்பி3ஆக மாற்றினால் 96 எம்பி. வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். பொதுத் தளங்களில் ஏற்றினால் பதிப்புரிமையால் சில இடங்கள் ஊமையாகலாம்.

கீழே பாட்டுப் பட்டியல் கட்டாயம்: எத்தனையாவது நிமிஷம், பாட்டு, ஆல்பம், வருஷம், ரீமிக்ஸ் செய்தவர். தப்பு அடித்தவர்கள் சம்மதித்தால் அவர்களுடைய பெயரும் அதே பட்டியலில், அதே எழுத்தளவில்.