கடனும் சரக்கும் ஒரே கையில்: கடலோரச் சிறு வியாபாரிக்கு வணிகச் சட்டத்தின் முதல் படிகள்

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், மூக்கையூர் என்று இராமநாதபுரம் மாவட்டக் கரையில் எங்கு பார்த்தாலும் வியாபாரத்தின் அடிப்படை ஏற்பாடு ஏறத்தாழ ஒன்றுதான். எஞ்சினுக்கோ வலைக்கோ வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். படகில் வரும் சரக்கு முழுவதும் அவருக்கே போகிறது. விலையை அவரே சொல்கிறார். கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். முன்பணம் அப்படியே நிற்கிறது. கருவாடு, நண்டு, குண்டு மிளகாய் எதுவானாலும் பெயர்தான் மாறும். ஊர்ப் பேச்சில் இது ஒரே கொடுக்கல் வாங்கல். சட்டத்திலோ இதற்குள் கடன், விற்பனை, முகமை என்று மூன்று உறவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விதிகள் வேறு. புதிதாகத் தொழில் தொடங்குபவர் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வது எப்படி என்பதே இந்த விளக்கத்தின் நோக்கம்.

படி 1: யார் யாருக்கு என்ன என்று எழுதுங்கள்

ஒரு தாளில் நீங்கள் பணம் அல்லது சரக்கு கொடுத்து வாங்கும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். சரக்கு ஊர் போய்ச் சேர்ந்தபின் விலை விழுந்தால் நட்டம் யாருக்கு? அங்கே வாங்கியவர் பணம் தராமல் போனால் அது யாருடைய வாராக்கடன்? இரண்டுக்கும் “அவருக்கே” என்பது விடையானால், அவர் உங்களிடம் சரக்கை வாங்கியவர். “எனக்கு” என்பது விடையானால், அவர் உங்களுக்காக விற்றுக் கொடுக்கும் முகவர், அதாவது கமிஷன்காரர். விலை ஏறும்போது வாங்கியவராகவும், விலை இறங்கும்போது கமிஷன்காரராகவும் மாறிக்கொள்பவர்கள் உண்டு. அதைத் தடுக்க, சரக்கு ஏறும் முன்பே எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படி 2: ஒப்பந்தத்தைச் சரக்குக்கு ஏற்றபடி எழுதுங்கள்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 10ஆம் பிரிவின்படி, தகுதியுள்ளவர்கள், சுயவிருப்பத்தோடு, சட்டத்துக்கு உட்பட்ட நோக்கத்துக்காக, ஒன்றுக்கு ஒன்று கைம்மாறு வைத்துச் செய்துகொள்ளும் உடன்பாடு ஒப்பந்தமாகிறது. பொதுவாக வாய்மொழியே போதும். சிக்கல் நிரூபிப்பதில்தான் வருகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பதை 1903இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மோஹரி பீபி வழக்கில் உறுதிப்படுத்தியது. எனவே அப்பாவுக்குப் பதிலாகப் பள்ளி செல்லும் மகன் போட்ட கையெழுத்தை நம்பிச் சரக்கு ஏற்ற வேண்டாம்.

நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது பிடிக்கவோ விற்கவோ கூடாதவற்றின் பட்டியலில், இருக்கிறது. அதைப் பிடித்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் வாங்கி ஏமாற்றினால், ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்த உடன்பாடே செல்லாது. பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போனால், போனவர் மீதே வழக்கு வரக்கூடும்.

செல்லக்கூடிய ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? ரகம், எடை, விலை, பணம் தரும் நாள் ஆகியவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். எடை எங்கே போடப்படும் என்பதைத்தான் விட்டுவிடுவார்கள். பாம்பனில் 100 கிலோ நின்ற நெத்திலிக் கருவாடு, ஈரம் உலர்ந்து தூத்துக்குடியில் குறைவாகவே நிற்கும். “பாம்பன் எடையே இறுதி எடை” என்ற ஒரு வரி இல்லாமல் போனதால் கெட்டுப்போன உறவுகள் ஏராளம். அதேபோல, சரக்கின் உரிமை கைமாறும்போதுதான் அதன் நட்டமும் கைமாறும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. லாரி மழையில் நனைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அதற்கேற்ப எழுதிக்கொள்ள வேண்டும்.

கிழக்குக் கடலோரத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி செல்லாததாகும் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் வருகிற தடைக்காலத்தைக் காட்டி “முடியாமல் போய்விட்டது” என்று சொல்வதை எந்த நீதிபதியும் எளிதில் ஏற்கமாட்டார். ஆகவே, தடைக்காலம், புயல் எச்சரிக்கை, கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் வழங்காத நாட்கள் ஆகியவற்றில் சரக்கு தரும் கடமை நிற்கும் என்று பெயர் சொல்லியே எழுதிவிடுங்கள்.

ஸ்டாம்ப் பேப்பர் பற்றி ஒரு வார்த்தை. அது இல்லை என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போவதில்லை. முத்திரைத் தீர்வை குறைந்தால், அபராதத்தோடு கட்டிய பிறகே அதைச் சாட்சியமாகக் காட்ட முடியும், அவ்வளவுதான்.

படி 3: கடனுக்கு நாள் குறியுங்கள்

கடனில் தேதியே எல்லாம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி சரக்குப் பாக்கிக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். 2025 ஜனவரி 10 அன்று 60 நாள் தவணையில் சரக்கு கொடுத்தால், தவணை மார்ச் 11 அன்று முடிகிறது. 2028 மார்ச் 11 வரை வழக்குத் தொடரலாம். இதற்கிடையில் 2027 ஆகஸ்ட் 5 அன்று கடன்பட்டவர் “இவ்வளவு பாக்கி உள்ளது” என்று எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். ஆனால் பழைய மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் அந்தக் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தடைக்காலத்தில் எல்லோரும் கரையில் இருக்கும்போது, பற்று வரவுச் சிட்டையில் கையெழுத்து வாங்குவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. “மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் நடுவில் இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பார்கள். ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லுங்கள். யாருக்கும் வருத்தம் வராது.

கேட்டவுடன் தருவதாக எழுதும் புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்தே மூன்று ஆண்டுகள் ஓடத் தொடங்கும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டைப் பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்ய முடியாது. ஒப்பந்தத்துக்குள்ள அந்தச் சலுகை இதற்குக் கிடையாது. தொகை எழுதாத வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வைத்திருப்பவர் அதை நிரப்பிக்கொள்ள 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமே இடம் தருகிறது. அவசரத்துக்குப் பணம் வாங்குகிறவர் இதை மறந்துவிடுகிறார்.

காசோலை திரும்பினால் அதே சட்டத்தின் 138ஆம் பிரிவு. தேதியிட்ட மூன்று மாதங்களுக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புப் பெற்றவருக்கு 15 நாள் அவகாசம். அதன்பின் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார். புகாருக்கான கெடுவில் ஒரு நாளைத் தவறவிட்டாலும் தாமதத்துக்குக் காரணம் காட்டி நிற்க வேண்டிவரும்.

நீங்கள் கருவாடு உலர்த்திப் பதப்படுத்துபவரானால், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். வாங்கி விற்பது மட்டுமே உங்கள் தொழிலானால் பதிவு செய்யலாம், ஆனால் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடைக்காது.

இனி ஜாமீன். கடன்பட்டவரை முதலில் கேட்டுவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற நம்பிக்கை தவறு. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதாதவரை, இருவர் பொறுப்பும் சமம். நீங்கள் ஜாமீன் நின்றிருந்தால், கடன் கொடுத்தவர் நேராக உங்களிடமே வரலாம். உங்களைக் கேட்காமல் அவர் கடன்பட்டவரோடு நிபந்தனையை மாற்றினாலோ, அவகாசம் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டாலோ, உங்கள் பொறுப்பு விலகும்.

படி 4: முகவரை வரம்புக்குள் வையுங்கள்

இந்த விளக்கத்தில் அதிகக் கவனம் வேண்டியது இங்கேதான். முகவர் தன் அதிகாரத்துக்குள் செய்வது நீங்களே செய்தது போன்றது. அதிகாரம் இல்லாததைச் செய்தாலும், இருக்கிறது என்று பிறர் நம்பும்படி நீங்கள் நடந்திருந்தால், 237ஆம் பிரிவின்படி அது உங்களைக் கட்டும். தம்பியை இரண்டு ஆண்டுகள் வசூலுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு நிறுத்தினால், கடைக்காரர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குத் தெரியும்வரை தம்பியிடம் கொடுத்த பணம் உங்களிடம் கொடுத்ததாகவே கணக்கு.

கேட்டால் கணக்குக் காட்டுவது முகவரின் கடமை. உங்களுக்குத் தெரியாமல் சரக்கைத் தானே வாங்கி லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நீங்கள் கேட்டு வாங்கலாம். ஆனால் முன்பணம் உள்ளே நுழைந்தவுடன் நிலைமை மாறுகிறது. பொதுவாக ஒரு முகவரை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்; ஆனால், சரக்கின்மேல் முன்பணம் கொடுத்து, அதை விற்று அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளும்படி அமர்த்தப்பட்ட முகவரை, அவர் உரிமைக்குப் பாதகமாக நீக்க முடியாது என்கிறது 202ஆம் பிரிவு. சட்டம் அங்கே தரும் உதாரணமே, பருத்திப் பொதிக்கு முன்பணம் வாங்கி அதையே விற்க அனுப்பியவரைப் பற்றியதுதான். பருத்திக்குப் பதில் கருவாடு என்று வைத்தால் நம் கரையின் கதை.

ஆகவே முன்பணத்துக்குத் தனிச் சீட்டு, சரக்குக்குத் தனிச் சீட்டு. முன்பணச் சீட்டில் தொகை, வட்டி, திருப்பும் தவணை மட்டும். சரக்குச் சீட்டு இப்படி இருக்கலாம்:

“இத்துடன் அனுப்பும் 40 மூடை நெத்திலிக் கருவாடு எனக்குச் சொந்தமானது. குறித்த விலைக்குக் குறையாமல் விற்றுத் தர வேண்டியது. விற்ற ஏழு நாட்களுக்குள், வாங்கியவர் பெயர், எடை, விலை கண்ட கணக்கை அனுப்ப வேண்டியது. கமிஷனும் லாரி வாடகையும் நீங்கலாக, பழைய பாக்கி உட்பட வேறு எந்தப் பிடித்தமும் கூடாது.”

கடைசி வரியை முன்பணம் கொடுத்தவர் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். அப்போது பேரம் பேசுங்கள்: ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்குப் பத்து மட்டும் பிடித்தம் என்றாவது எழுதச் சொல்லுங்கள். பிடித்தத்துக்கு உச்சவரம்பு இருந்தால்தான் கடன் எப்போது தீரும் என்று கணக்குப் போட முடியும். “கடன் தீர்ந்தபின்னும் எனக்கே விற்க வேண்டும்” என்று எழுதச் சொன்னால், தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கும் உடன்பாடு என்பதால் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது. கடன் நெருக்கடியைப் பயன்படுத்தி அநியாய விலை வைத்தாலோ, 16ஆம் பிரிவு சொல்லும் தகாத செல்வாக்கு என்ற வாதத்துக்கு இடமிருக்கிறது.

படி 5: கூட்டு என்றால் பதிவு

கூட்டாளிகள் சேர்ந்து படகோ ஐஸ் பிளாண்டோ நடத்தினால் 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயமல்ல, ஆனால் பதியாத நிறுவனம் தன் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியார்மீது வழக்குப் போட முடியாது.

படி 6: வாங்கியவர் நொடித்தால்

“ஐ.பி. கொடுத்துவிட்டார்”, அதாவது திவால் மனுக் கொடுத்துவிட்டார், என்ற பேச்சு காதில் விழுந்தவுடன், அவர் தனிநபரா, கம்பெனியா என்று பாருங்கள். கம்பெனியானால் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டம். அதில் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி வேண்டும். கடன் கொடுத்த வேறொருவரின் மனு ஏற்கப்பட்டால், குறித்த நாளுக்குள் உங்கள் கோரிக்கையைப் படிவத்தில் கொடுத்தாக வேண்டும். நம்மூர்த் தனிநபரானால், 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான் இன்னும் பொருந்துகிறது. திவாலானவராக நீதிமன்றம் அறிவித்தபின் அவர் சொத்து நீதிமன்றத்தின் பொறுப்பாளரிடம் போகிறது. நீங்கள் கடனை நிரூபித்து வரிசையில் நிற்க வேண்டும். மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களில் கடன் கொடுத்த ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் எண்ணத்தோடு கொடுத்த பணத்தையும், இரண்டு ஆண்டுகளுக்குள் சும்மா எழுதி வைத்த சொத்தையும் ரத்து செய்ய முடியும். மனைவி பேருக்கு மாற்றிய வீடு தப்பிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

உங்கள் சரக்கு இன்னும் லாரியில் இருந்தால் காத்திருக்காதீர்கள். வாங்கியவர் நொடித்துவிட்டார் என்றால், பணம் பெறாத விற்பவர் வழியிலேயே சரக்கை நிறுத்தி மீட்டுக்கொள்ளலாம் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது. லாரி ஆபீசுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்; இது பொருள் கைமாறும்வரைதான் நடக்கும். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு, இராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். லோக் அதாலத்தில் நீதிமன்றக் கட்டணம் இல்லை, அங்கே எட்டும் உடன்பாட்டுக்குத் தீர்ப்பின் வலு உண்டு, அதன்மேல் மேல்முறையீடும் கிடையாது.