அணு உலைப் பாதுகாப்பு ஆய்வு மாநாடு: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1977 செப்டம்பர் 24. அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு திரும்ப மூடவில்லை. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. ஆனால் நீர்மட்டம் காட்டும் மானி ஏறுமுகமாக இருந்ததால், உள்ளே போதுமான நீர் இருக்கிறது என்று நினைத்து, இயக்குபவர்கள் அவசர நீரேற்றத்தை நிறுத்தினார்கள். உலை அப்போது 9 சதவீதத் திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய சேதமில்லாமல் தப்பித்தது. உலையை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவருக்கு இதன் ஆபத்து உறைத்தது. நீரேற்றத்தை இப்படி அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் சொல்லியாக வேண்டும் என 1978 பிப்ரவரியில் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு அலுவலகத்துக்குள்ளேயே மேசை மேசையாகச் சுற்றியது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் இன்னொரு அணுமின் நிலையமான த்ரீ மைல் ஐலண்டில் அதே வகை வால்வு அதே மாதிரி மாட்டிக்கொண்டது. இயக்குபவர்கள் அதே மாதிரி நீரேற்றத்தைக் குறைத்தார்கள். இந்த முறை உலை ஏறக்குறைய முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தது. எரிபொருள் இருக்கும் உலை மையத்தில் பாதியளவு உருகிப்போனது.

பாதுகாப்பு ஆய்வு மாநாடு நடத்த முதன்முறையாகக் குழு அமைப்பவர்கள் யார் என்னிடம் யோசனை கேட்டாலும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். தெரிந்தவர் ஒருவர் இருந்தார், தெரிய வேண்டியவர்களும் இருந்தார்கள். இடையில் வழிதான் இல்லை. மாநாடு என்பது அந்த வழி. அதை அடைத்துவிடும் தவறுகள் பெரும்பாலும் திட்டமிடும் கட்டத்திலேயே நடந்துவிடுகின்றன.

கேள்வியைத் தேடாமல் அரங்கத்தைத் தேடுவது

பல குழுக்களின் முதல் கூட்டத்தில் எந்த ஊர், எந்த அரங்கம், எத்தனை பேர் என்ற பேச்சுதான் நடக்கிறது. தலைப்பு கடைசியில் அவசரமாக வரும்: ‘அணு உலைப் பாதுகாப்பில் அண்மை முன்னேற்றங்கள்’. இப்படித் தலைப்பு வைத்தால் எல்லாவற்றைப் பற்றியும் கட்டுரை வரும், எதைப் பற்றியும் முடிவு வராது.

மாநாடு முடியும்போது எந்த இரண்டு மூன்று கேள்விகளில் ஓரடியாவது முன்னே போயிருக்க வேண்டும் என்று முதலில் எழுதிவையுங்கள். மின்சாரம் முழுக்கப் போய்விட்டால், ஆள் தலையீடு இல்லாத குளிர்விப்பு அமைப்புகள் உண்மையில் எத்தனை மணி நேரம் தாங்கும்? புதுவகை எரிபொருள் உறைகள் நமக்கு எவ்வளவு அவகாசம் வாங்கித் தரும்? உலையைச் சுற்றியுள்ள காப்புக் கட்டடத்துக்குள் ஹைட்ரஜன் எங்கே போய்ச் சேரும்? இந்த அளவுக்குக் குறிப்பாகக் கேட்டால்தான் யாரை அழைப்பது, எந்தக் கட்டுரையை ஏற்பது என்பதெல்லாம் தானாகத் தெளியும்.

நாள் குறிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். உலைக்குள் நீரும் வெப்பமும் நகர்வதை ஆராயும் வெப்ப நீரியல் துறையின் நியூரெத், கட்டமைப்பு இயக்கவியல் துறையின் ஸ்மிர்ட் போன்ற பெரிய மாநாடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பவை. சர்வதேச அணுசக்தி முகமையின் பொது மாநாடு செப்டம்பரில் வியன்னாவில் கூடும். இவற்றோடு மோதாமல் நாள் பார்ப்பதை எல்லோரும் செய்வார்கள். மறந்துபோவது இன்னொன்று: எரிபொருள் மாற்றும் காலம். பல நாடுகளில் மின்தேவை குறையும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் உலைகளை நிறுத்தி எரிபொருள் மாற்றுகிறார்கள். அந்த வாரங்களில் நிலையத்துப் பொறியாளர் ஒருவர்கூட வெளியே நகர முடியாது. மாநாடும் அப்போதே வந்தால், அவர்களுக்காகச் செய்த ஆய்வை அவர்கள் இல்லாத அரங்கில் பேசிவிட்டுப் போவீர்கள்.

அரங்கம் முழுக்க ஆய்வாளர்கள்

என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான். கட்டுரை எழுதுபவர்களைத்தான் மாநாடு இயல்பாகவே இழுக்கும். உலையை இயக்குபவர்கள் கட்டுரை எழுதுவதில்லை. ஒழுங்குமுறை அமைப்பிலிருந்து வருபவர்களோ பெரும்பாலும் தொடக்க உரையோடு கிளம்பிவிடுவார்கள்.

ஒரு அமர்வு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விபத்து நேரத்தில் உலைக் கலனுக்குள் நீர்மட்டம் எப்படி மாறும் என்று ஒருவர் அழகாகக் கணக்கிட்டுக் காட்டினார். வண்ண வண்ணமாகப் படங்கள், நொடிக்கு நொடி மாற்றம். பின்வரிசையில் இருந்த ஒரு ஷிப்ட் மேற்பார்வையாளர் மைக்கை வாங்கினார். “நீங்கள் காட்டிய நீர்மட்டம் உங்கள் கணினிக்குத் தெரியும். என் அறையில் எந்த மானியைப் பார்த்தால் எனக்கு அது தெரியும், ஐயா?” என்று கேட்டார். பேசியவர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அதை நான் கணக்கில் எடுக்கவில்லை” என்று நேர்மையாகச் சொன்னார். அந்த மூன்று நாளில் எனக்கு மிகவும் பயன்பட்ட இரண்டு நிமிடம் அதுதான்.

அந்த மேற்பார்வையாளர் சும்மா கேட்கவில்லை. த்ரீ மைல் ஐலண்டில் வால்வுக்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். மூடச் சொல்லும் கட்டளை போய்விட்டது என்பதை மட்டும்தான் அந்த விளக்கு சொன்னது. வால்வின் உண்மை நிலை அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீர் வெளியேறியது. 2011 மார்ச் 11 இரவு புகுஷிமா டாயிச்சியின் முதல் அலகிலும், எரிபொருளுக்கு மேலே நீர் இருப்பதாகத்தான் மானி காட்டியது. மட்டத்தைக் கணிக்க மானி ஒப்பிட்டுப் பார்க்கும் குழாயிலிருந்த நீர் வெப்பத்தில் ஆவியாகியிருந்ததால் அது காட்டியது பொய்க் கணக்கு. உள்ளே எரிபொருள் அதற்கு முன்பே நீருக்கு வெளியே நின்று சேதமாகத் தொடங்கியிருந்தது.

ஆகவே நிகழ்ச்சிக் குழுவை அமைக்கும்போதே மூன்றில் ஒரு பங்கு இயக்குபவர்கள், ஒரு பங்கு ஒழுங்குமுறையாளர்கள் என்று இடம் ஒதுக்குங்கள். கட்டுரை கேட்காதீர்கள், நிலையத்தில் நடந்த ஒரு சம்பவத்தைப் பத்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள், போதும். ஓய்வு பெற்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். பல நாடுகள் சேர்ந்து 1958-இல் தொடங்கிய ஹால்டன் கூட்டுத் திட்டத்தின் நார்வே சோதனை உலை 2018-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. இப்படி மூடப்பட்ட சோதனை உலைகளில் எந்த உணர்கருவியை எங்கே பொருத்தினார்கள், எந்த அளவீட்டை நம்பக் கூடாது என்பதெல்லாம் அறிக்கையில் பாதிதான் இருக்கும். மீதி ஆட்களிடம் இருக்கிறது.

பொருந்திய கோடுகளை மட்டும் கேட்பது

சோதனைப் புள்ளிகள் கறுப்பில், கணினி நிரலின் கணிப்பு சிவப்பில், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அரங்கமே தலையாட்டும். அப்போது யாராவது எழுந்து, “இந்தக் கணக்கைச் சோதனைக்கு முன்பு போட்டீர்களா, பின்பு போட்டீர்களா?” என்று கேட்க வேண்டும். விடை தெரிந்தபின் போட்ட கணக்கு பொருந்துவதில் வியப்பில்லை.

ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பைச் சேர்ந்த அணுசக்தி முகமையின் அணு நிலையப் பாதுகாப்புக் குழு 1970-களிலிருந்து சர்வதேசப் பொதுக் கணக்குகள் என்ற பயிற்சிகளை நடத்தி வந்தது. அவற்றில் பலவற்றில், முடிவை வெளியிடாமலே பல நாட்டுக் குழுக்களிடம் கணிப்பைக் கேட்டார்கள். அதில் வெளிப்பட்ட ஒரு விஷயம் இன்றும் உறுத்த வேண்டியது: ஒரே சோதனை, ஒரே நிரல், ஆனால் பயன்படுத்தும் ஆள் மாறினால் விடையும் மாறியது.

அதனால் கட்டுரை அழைப்பிலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். கணிப்பு சோதனைக்கு முன்பா பின்பா என்று ஒவ்வொருவரும் குறிப்பிட வேண்டும். பொருந்தாமல் போன முடிவுகளுக்கும் இடம் உண்டு. இரண்டாவது வரியை நம்பி யாரும் முதல் ஆண்டில் அனுப்ப மாட்டார்கள். நீங்களே நேரில் பேசிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். மதிப்பீட்டாளர்களிடமும் சொல்லிவையுங்கள், ‘முடிவு எதிர்மறை’ என்பதற்காக ஒரு கட்டுரையைத் தள்ளக் கூடாது என்று. பாதுகாப்புத் துறையில் தவறிப்போன கணிப்புதான் அடுத்தவருக்கு எச்சரிக்கை.

அப்புறம் அலகுகள். எரிபொருள் உறையின் வெப்பநிலை வரம்பை ஒருவர் 2200 டிகிரி ஃபாரன்ஹீட் என்பார், இன்னொருவர் 1204 டிகிரி செல்சியஸ் என்பார், மூன்றாமவர் கெல்வினில் படம் போடுவார். வார்ப்புருவிலேயே ஒரே அலகு முறையைக் கட்டாயமாக்கிவிட்டால் இந்தச் சிக்கல் முடிந்தது.

துறைவாரியாக அறை பிரிப்பது

நிகழ்ச்சி நிரல் போடுவதற்குச் சுலபமான வழி, வெப்ப நீரியலுக்கு ஒரு அறை, எந்த விபத்து எவ்வளவு நேரக்கூடும் என்று கணக்கிடும் நிகழ்தகவு இடர் மதிப்பீட்டுக்கு ஒரு அறை, எரிபொருளுக்கு ஒரு அறை என்று பிரிப்பது. அதன் விலை அதிகம்.

1975-இல் வெளிவந்த வாஷ்-1400 என்ற அமெரிக்க இடர் ஆய்வு, பெரிய குழாய் உடைவதைவிடச் சின்னச் சின்னக் கசிவுகளே உலை மையம் உருகும் இடருக்கு அதிகம் காரணமாகும் என்று கணக்கிட்டது. அந்தக் காலத்துச் சோதனைகளின் கவனமோ பெரும்பாலும் பெரிய குழாய் உடைவின் மேலேயே இருந்தது. நான்கு ஆண்டு கழித்து த்ரீ மைல் ஐலண்டில் வந்தது சிறு கசிவு வகை விபத்து. இடர் கணக்குப் போடுபவரும் சோதனை நடத்துபவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அமர்வுகளை விபத்தின் போக்குப்படி அமையுங்கள்: மின்சாரம் போன விபத்து ஒரு அமர்வு என்றால், அதற்குள் இடர் மதிப்பீடு, சோதனை, இயக்குபவரின் நடைமுறை மூன்றும் வரட்டும். ஒரே நேரத்தில் இரண்டு அறைக்கு மேல் வேண்டாம்.

நேரமும் இங்கேதான் பறிபோகிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஆறு கட்டுரையை அடுக்கினால் கேள்விக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட மிஞ்சாது. மூன்றோ நான்கோ போதும்; கடைசி அரை மணி நேரத்தை மொத்தமாக விவாதத்துக்கு விடுங்கள். பிரான்சின் கதராஷ் ஆய்வு மையத்தில் 1993 முதல் 2004 வரை நடந்த ஃபெபுஸ் திட்டத்தில் உண்மையான எரிபொருளை உருக்கிப் பார்த்த சோதனைகள் மொத்தமே ஐந்து. அப்படிப்பட்ட தரவைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்வது அநியாயம். மற்ற கட்டுரைகளைப் போஸ்டராக மாற்றலாம். ஆனால் போஸ்டருக்கென்று தனி நேரம் ஒதுக்காமல் இடைவேளையில் தள்ளிவிடக் கூடாது.

அனுமதிக்கு நாள் ஒதுக்காதது

இந்தத் துறையில் கட்டுரை எழுதி முடித்த அன்றே அனுப்பிவிட முடியாது. ஆசிரியரின் நிறுவனம் பார்க்கும், சட்டப் பிரிவு பார்க்கும், எரிபொருள் தயாரித்தவரின் வணிக ரகசியம் உள்ளதா என்று பார்ப்பார்கள், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டதா என்றும் பார்ப்பார்கள். பல நாடுகள் சேர்ந்து செலவழித்த சோதனைகளின் தரவு, சில ஆண்டுகள் உறுப்பினர்களுக்கு மட்டுமே என்று பூட்டியிருக்கும். கட்டுரைச் சுருக்கத்தை ஏற்ற நாளிலிருந்து முழுக் கட்டுரைக்கு ஆறு வாரம் கொடுத்தால் நல்ல கட்டுரைகள்தான் முதலில் விழும். மூன்று நான்கு மாதம் கொடுங்கள். விசாவுக்கான அழைப்புக் கடிதம் ஆறு மாதம் முன்பே போகட்டும். அணு ஆய்வாளர் என்றாலே சில தூதரகங்களில் கூடுதல் விசாரணை நடக்கும்.

இன்னொன்று, சொல் சார்ந்தது. விபத்து நேராமல் காப்பது, தீய நோக்கத்தோடு வருபவர்களிடமிருந்து காப்பது, இரண்டையும் தமிழில் ‘பாதுகாப்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். ஸ்பானியம், ஜெர்மன், ரஷ்ய மொழிகளிலும் பொதுவாக ஒரே சொல்தான் ஓடுகிறது. முதலாவதைத் திறந்த அரங்கில் எவ்வளவு பேசுகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டாவதில் பல விவரங்கள் வெளியே வரவே கூடாதவை. அழைப்பில் இந்தப் பிரிவைத் தெளிவாக எழுதுங்கள், மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொற்பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள்.

நன்கொடை பற்றிச் சுருக்கமாக: உலை விற்பவர் பணம் தரலாம், ஆனால் நிகழ்ச்சிக் குழுவில் முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்கக் கூடாது. விற்பனை உரை ஆய்வு அமர்வுக்குள் நுழைந்துவிட்டால் கேள்வி கேட்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

முடிவுரையை முன்கூட்டியே எழுதிவிடுவது

கடைசி நாள் வாசிக்க வேண்டிய முடிவுரை, முதல் நாளே ஒருவரது கணினியில் தயாராக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘பாதுகாப்பு நிலை மேம்பட்டு வருகிறது, மேலும் ஆய்வு தேவை’ என்று முடியும். இதற்கு யாரும் பயணம் செய்து வர வேண்டியதில்லை. ஒவ்வொரு அமர்விலும் குறிப்பெடுக்க ஒரு இளம் ஆய்வாளரை அமர்த்துங்கள். ஒத்துப்போனது, ஒத்துப்போகாதது, யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி என்று மூன்றையும் தனித்தனியாக அவர் எழுதட்டும். மேலே சொன்ன மேற்பார்வையாளரின் கேள்வி எந்த அதிகாரபூர்வத் தொகுப்பிலும் இல்லை. தொகுப்பில் கட்டுரைகள் மட்டும்தான் இருந்தன.

பதிவு செய்ததைப் பிறகு திருத்தவும் வழி வையுங்கள். செர்னோபில் விபத்துக்கு நான்கே மாதம் கழித்து, 1986 ஆகஸ்டில் வியன்னாவில் கூடிய ஆய்வுக் கூட்டத்தில் வலேரி லெகாசோவ் தலைமையிலான சோவியத் குழு விளக்கம் அளித்தது. அதன் அடிப்படையில் சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வெளியிட்ட இன்சாக்-1 அறிக்கை, இயக்குபவர்களின் விதிமீறலைப் பெரிதாகக் காட்டியது. 1992-இல் அதே ஆலோசனைக் குழு இன்சாக்-7 என்ற அறிக்கையில் தன் கருத்தைத் திருத்தி, உலையின் வடிவமைப்புக் குறைகளுக்குக் கூடுதல் அழுத்தம் தந்தது. உலையை அடக்க வேண்டிய கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கும்போது முதலில் அணுக்கரு வினையைக் கூட்டிவிடும் விபரீதம் 1983-லேயே லிதுவேனியாவின் இக்னலினா உலையில் தெரிந்திருந்தது என்ற செய்தியும் அதில் இருக்கிறது. உங்கள் மாநாட்டுத் தொகுப்பை இணையத்தில் ஏற்றும்போது, ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே திருத்தம் சேர்க்க ஓர் இடம் விடுங்கள். பதில் கிடைக்காத கேள்விகளின் பட்டியலை முதல் பக்கத்தில் போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதை எடுத்து, எந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் வந்திருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்க, இப்போதே குழுவில் ஒருவரை நியமித்துவிடுங்கள்.