தனியாக வெளியே போகும்போது: சங்கிலி, போன், பை பறிபோகாமல் காத்துக்கொள்வது எப்படி?

2025 மார்ச் 25 காலை, சென்னையில் திருவான்மியூர், கிண்டி, வேளச்சேரி பக்கம் அடுத்தடுத்துப் பல பெண்களிடம் பைக்கில் வந்தவர்கள் சங்கிலி பறித்தார்கள். அன்றே ஊரைவிட்டுப் பறக்கப் பார்த்த இருவர் விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். நகையைப் பறிகொடுத்தவர்கள் யாரும் நள்ளிரவில் ஆளில்லாத இடத்துக்குப் போனவர்கள் இல்லை. நன்றாக விடிந்த பிறகு, தங்கள் பகுதியில், தங்கள் தெருவில் இருந்தவர்கள்.

அதனால் "ராத்திரி வெளியே போகாதே" என்கிற அறிவுரையை நான் சொல்லப் போவதில்லை. வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் எந்த நேரத்திலும் போய்த்தான் ஆக வேண்டும். பறிப்பு நடக்கும் அந்த இரண்டு மூன்று நொடியில் நம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு முன்பும் பின்பும் செய்ய நிறைய இருக்கிறது.

படி 1: போனைத் தயார் செய்யுங்கள்

இதை இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும். செட்டிங்ஸில் அவசரநிலைப் பகுதிக்குப் போய் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் ஐபோனுக்குப் பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தினால் போதும். அம்மாவிடம் பட்டன் போன் இருந்தால், 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். 2017-க்குப் பிறகு விற்கிற போன்களில் இந்த வசதி இருக்க வேண்டும் என்பது அரசு விதி.

அடுத்து, தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை இறக்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவசர எண் 112, பெண்களுக்கு 181, ரயிலில் 139. இந்த மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும். கடைசியாக *#06# என்று அழுத்தினால் வருகிற ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போனிலேயே குறித்து வைத்தால், போன் போகும்போது அந்த எண்ணும் சேர்ந்து போய்விடும்.

படி 2: கழுத்தில் என்ன இருக்கிறது?

கவரிங் சங்கிலிதானே, போனால் போகட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பைக்கில் பின்னால் இருந்து வருகிறவனுக்கு அது கவரிங் என்று தெரியாது. அவன் இழுக்கிற இழுப்பில் கழுத்து அறுபடும், நாம் கீழே விழுவோம். தனியாகப் போகும்போது எதுவும் வெளியே தெரியாமல் இருப்பதே நல்லது. புடவைத் தலைப்பையோ துப்பட்டாவையோ கழுத்தைச் சுற்றிப் போட்டு ஒரு பின் குத்திக்கொள்ளுங்கள். வாசலில் குனிந்து கோலம் போடும்போதும் இதே கவனம் வேண்டும். குனிந்தால் சங்கிலி வெளியே தொங்கும், தெருவில் வருகிற ஆளும் கண்ணில் படமாட்டார்.

படி 3: எந்தப் பக்கம் நடப்பது?

நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். இடது ஓரம் நடந்தால் எல்லா வண்டியும் முதுகுக்குப் பின்னால் இருந்துதான் வரும். பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுங்கள். வார் குறுக்காகப் போகிற பை என்றால், வண்டி வருகிற பக்கம் பை இருக்கவே கூடாது. இழுத்தால் நாமும் சேர்ந்து இழுபடுவோம். போன் பேச வேண்டுமென்றால் ஒரு கடை வாசலில் நின்று பேசுங்கள். நடக்கும்போது ஒரு காதாவது திறந்திருக்கட்டும். பின்னால் வந்த பைக் சத்தம் திடீரென்று மெதுவானால் ஓரம் ஒதுங்கித் திரும்பிப் பாருங்கள். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் பலர் அப்படியே போய்விடுவார்கள்.

படி 4: இந்தப் பேச்சுகளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

முக்கியமாக வீட்டுப் பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

டிப்டாப்பாக இரண்டு பேர் வழிமறிப்பார்கள். "நாங்க போலீஸ். முன்னாடி தெருவுல ஒரு கொலை நடந்திருக்கு, இப்படி நகையைப் போட்டுக்கிட்டு போறீங்களேம்மா" என்று அக்கறையாகக் கண்டிப்பார்கள். அந்த நேரம் பார்த்து இன்னொருவன் வருவான், அவர்கள் சொன்னதும் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பான். அவனும் அவர்கள் ஆள்தான். நம் நகையை வாங்கி, காகிதத்தில் மடித்து, பையில் பத்திரமாக வைத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே கல் இருக்கும். எந்தப் போலீஸும் நடுத்தெருவில் நகையைக் கழற்றச் சொல்வதில்லை. "சரிங்க, ஸ்டேஷனுக்கே வரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்குள் போய்விடுங்கள்.

"உங்க பணம் கீழே விழுந்திருக்கு", "சட்டையில ஏதோ அசிங்கம் பட்டிருக்கு" என்பதும் இதே ரகம், வங்கி வாசலில் அதிகம் நடப்பது. பணம் எடுத்துக்கொண்டு வரும்போது யார் என்ன சொன்னாலும் குனியாதீர்கள், பையைக் கீழே வைக்காதீர்கள். பைக்கை நிறுத்தி விலாசம் கேட்டால் இரண்டு அடி தள்ளி நின்றே பதில் சொல்லுங்கள்.

படி 5: பஸ், ரயில், ஆட்டோ

மின்சார ரயிலில் வாசல் ஓரம் போனைக் கையில் வைத்து நிற்காதீர்கள். கீழே இருந்து கம்பால் தட்டிவிட்டு விழுகிற போனை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி கிளம்பும்போதும் சிக்னலில் மெதுவாகும்போதும் ஜன்னல் ஓரம் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.

ஆட்டோவில் ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், டிரைவருக்குத் தெரிகிற மாதிரியே எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை ஒரு மணி நேரத்துக்கு வைத்துவிடுங்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் அதிகாலை மூன்று மணிக்கு இறங்கினால், வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற இடத்தில் விடியும்வரை உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவதில் ஒரு தப்பும் இல்லை.

பஸ்ஸில் யாராவது உரசினால், "நீலச் சட்டை, கையை எடுங்க!" என்று அடையாளம் சொல்லிக் கத்துங்கள். யாரைச் சொல்கிறோம் என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

படி 6: யாரோ பின்தொடர்கிறார்களா?

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போங்கள். கொஞ்ச தூரம் நடந்து மறுபடி இந்தப் பக்கம் வாருங்கள். இரண்டு முறையும் அவர் கூடவே வந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது நேராக வீட்டுக்குப் போகாதீர்கள், வீடு எது என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், டீக்கடை என்று ஆள் இருக்கிற இடத்துக்குள் நுழைந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, 112-ஐ அழையுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். நாளைக்கு வேறு ஒரு பெண்ணின் பின்னால் அவன் போகாமல் இருக்கவும் அந்த அழைப்பு உதவும்.

படி 7: பறித்துவிட்டால்

விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்தால் சாலையில் தரதரவென்று இழுத்துப் போவார்கள். அவன் பைக்கை நாம் துரத்தவும் வேண்டாம். "திருடன், திருடன்" என்று கத்திக்கொண்டே ஹெல்மெட் நிறம், சட்டை நிறம், எந்தப் பக்கம் போனான் என்பதை மட்டும் மனதில் பதியுங்கள். நம்பர் பிளேட் பெரும்பாலும் போலியாகவே இருக்கும்.

உடனே 112. அப்புறம் புகார். "இது எங்க லிமிட் இல்லை" என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். எந்தக் காவல் நிலையமும் புகாரை வாங்கிக்கொண்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. பறிப்பு என்பதே பி.என்.எஸ். என்கிற தண்டனைச் சட்டத்தின் 304-வது பிரிவில் தனிக் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

போன் போயிருந்தால் வேறு போனிலிருந்து முதலில் சிம்மையும் வங்கிக் கணக்கையும் முடக்குங்கள், கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். பிறகு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் புகார் நகலோடு அந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்தால் போனையே முடக்கிவிடுவார்கள். நகை என்றால், கடை பில்லும் நீங்கள் அதை அணிந்திருக்கும் ஒரு போட்டோவும் வேண்டும். நகை மீட்கப்பட்டாலும் கோர்ட் வழியாகத்தான் கைக்கு வரும், அது உங்களுடையதுதான் என்று காட்ட இவை உதவும். அதனால் பில்லை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.